வாய் திறக்காத ஏழு பேர்

ஒன்பது வருடம் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் ஒருத்தி, முப்பத்தேழு வயதில் அதைத் தோழியின் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் மாணவியாகப் போய் உட்கார்ந்தாள். அவள் எடுத்தது பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு. சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை. "அதைப் படிச்சா பல்லைப் பிடுங்குவியா, மாட்டியா?" என்று கேட்டார் சித்தப்பா. "பிடுங்கற நிலைமை வராம பார்த்துக்கற படிப்பு, சித்தப்பா" என்றாள். "அப்ப உன் பொழப்புல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அவள் படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு பஸ். கிளினிக்குக்கு எதிரே புதிதாக ஒரு நிறுத்தம் வந்த மாதம், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்து வாயைத் திறந்தார். பல் என்று சொல்ல நாலுதான் மிச்சம், மற்றதெல்லாம் வேர். இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று கேட்டாள். "இப்பத்தானே பஸ் இங்க நிக்குது" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னார். அன்றிலிருந்து அவள் கவனம், நாற்காலியில் வந்து சாய்கிறவர்களை விட்டு வராதவர்கள் பக்கம் போய்விட்டது. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், ஏன் வருவதில்லை? இந்தக் கேள்விகளுக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டாள்.

வகுப்பில் மற்ற ஐந்து பேரும் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள். முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். புள்ளியியல் வகுப்பில் அவர்கள் கொட்டாவி விடுவார்கள், அவளுக்கோ வியர்த்துக் கொட்டும். போதாததற்கு, ஒரே ஆளின் வாயை இரண்டு நாள் பார்த்து இரண்டு நாளும் ஒரே மாதிரி குறிக்கிறாளா என்று ஒரு சோதனை. முதல் தடவை தோற்றுப்போனாள்.

"நேத்து சொத்தைன்னு சொன்னதை இன்னைக்கு நல்ல பல்லுன்னு சொல்றேனாம்" என்று வீட்டில் வந்து புலம்பினாள்.

"இதைக் கண்டுபிடிக்க ஒரு பரிட்சையா? என்னைக் கேட்டிருந்தா எழுதியே கொடுத்திருப்பேனே" என்றான் கணவன்.

சாப்பாட்டு மேசையின் அந்தக் கோடியில் மாமியார் சிரித்தார். எப்போதும்போல உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நறுக்கென்று பேசுவார், நேரம் தவறமாட்டார். மருமகளை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. இருவருக்கும் பதினோரு வருடத்தில் சண்டை வந்ததே இல்லை. சண்டை போடும் அளவுக்கு நெருக்கமும் இருந்ததில்லை. மாமியாருக்கு இரண்டு வரிசையும் கட்டுப்பல். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவர் பல்லைக் கழற்றி ஒருவரும் பார்த்ததில்லை. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் கழுவுவார். கல்யாணத்துக்கு முன்பே கணவன் சொல்லிவைத்திருந்தான்: "அம்மாகிட்ட எதை வேணும்னாலும் பேசு. பல்லைப் பத்தி மட்டும் வேண்டாம்." கீழ்ப்பல் தளர்ந்து பேசும்போது லேசாக 'டிக்' என்று சத்தம் வருவதும், கடினமானது எதையும் அவர் தட்டில் எடுத்துக்கொள்ளாததும் பல் டாக்டரின் காதுக்கும் கண்ணுக்கும் தப்பவில்லை. சொல்லவந்ததை விழுங்கிக்கொள்வது அவளுக்கும் பழகிப்போயிருந்தது.

இரண்டாம் வருடம் ஆய்வு தொடங்கியது. ஊர்க் கோடியில் அறிவு வளர்ச்சி குறைந்த பெரியவர்கள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்று இருந்தது. மொத்தம் அறுபத்திரண்டு பேர். அவர்கள் வாயின் நிலைமை எப்படி என்று அதுவரை ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. அதையே எடுத்துக்கொண்டாள். எல்லா அனுமதியும் வாங்கினாள். வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாயைப் பார்த்து ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண் சொல்லவேண்டும், இன்னொருவர் அதைப் படிவத்தில் எழுதவேண்டும். பூஜ்யம் என்றால் நல்ல பல். ஒன்று, சொத்தை. மூன்று, அடைத்த பல். நான்கு, சொத்தையால் போன பல். பார்க்க முடியாவிட்டால் ஒன்பது. எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்த வகுப்புத் தோழன், தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால் மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொண்டான்.

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மாமியார் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன எழுதணும்?"

"எண்தான், அத்தை. நான் கடகடன்னு சொல்லிட்டே போவேன். ஒண்ணு தப்பினாலும் எல்லாப் பல்லும் இடம் மாறிடும்."

"முப்பத்திரண்டு வருஷம் வேற என்ன பண்ணேன் நான்?" என்றார் மாமியார்.

அப்படித்தான் மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். மாமியார் கையில் ஒரு அட்டை, சட்டைப்பை போலத் தைத்த உறையில் நாலு பென்சில். இல்லத்தின் கூடத்தில் ஜன்னலோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மருமகள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சின்னக் கண்ணாடியும் முனை உருண்ட கம்பியுமாக நின்றாள். "பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணு, பூஜ்யம், நாலு" என்று அவள் சொல்லச் சொல்ல, மாமியார் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினார். டெலிபோனில் நம்பர் வாங்குகிற அதே தொனி. முதல் நாள் முடிவில் இருபது படிவத்தையும் சரிபார்த்த மருமகளுக்கு ஒரு அடித்தல் திருத்தல்கூட அகப்படவில்லை. "உங்களை எங்க டிபார்ட்மென்டுக்கே கூட்டிட்டுப் போகலாம் போலிருக்கே" என்றாள். மாமியார் பென்சிலைச் சீவியபடியே, "அங்கயும் எழுத ஆள் இல்லையா?" என்று கேட்டார்.

இரண்டு வாரத்தில் ஐம்பத்தைந்து பேரைப் பார்த்து முடித்தார்கள். சிலர் பாடிக்கொண்டே வாயைத் திறந்தார்கள். ஒருவர் கம்பியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார், திரும்ப வாங்க அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் ஏழு பேர் வாயைத் திறக்கவே இல்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தியை இல்லத்தில் வாசல்காரி என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயது இருக்கும். காலையில் எழுந்ததிலிருந்து முன்கதவுப் பக்கத்தில் நிற்பாள். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் போகிறவர்களுக்குப் பின்னால் சாத்துவதும் அவளே தனக்கென்று எடுத்துக்கொண்ட வேலை. பேச்சு கிடையாது. இரண்டு வருடமாக அவள் மேல் புகார் அதிகம். தன் கன்னத்தில் தானே பளார் பளாரென்று அறைந்துகொள்கிறாள், பக்கத்தில் உட்காருகிறவர்களைத் தள்ளிவிடுகிறாள், தட்டைத் தூக்கி எறிகிறாள். அதனால் அவளுக்குச் சாப்பாடு தனி அறையில்.

"முரட்டுத்தனம் ஜாஸ்தியாயிடுச்சு. மாத்திரையைக் கூட்டலாமான்னு டாக்டரைக் கேட்டிருக்கோம்" என்றார் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா. கெட்டவர் இல்லை. அறுபத்திரண்டு பேருக்கும் பிறந்தநாள் எப்போது என்று மனப்பாடமாக வைத்திருப்பவர், அலுத்துப்போயிருந்தார்.

மருமகள் கவனித்தாள். வாசல்காரி அறைந்துகொள்வது எப்போதும் இடது கன்னத்தில்தான். மூன்று தடவை உட்காரவைத்துப் பார்த்தாள். மூன்று தடவையும் வாசல்காரி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, கண்ணாடியைத் தட்டிவிட்டு, கதவுப் பக்கம் போய்விட்டாள். நாலு பேர் பிடித்துக்கொண்டால் பார்க்கலாம் என்று இல்லத்து ஆயா சொன்னார். அப்படிப் பார்க்கமாட்டேன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். பல்கலைக்கழகத்துக்கு அவள் எழுதிக்கொடுத்த உறுதிமொழியிலும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது தடவையும் முடியாமல் போன மதியம், அவள் கையுறையைக் கழற்றினாள். "சரி, அத்தை. எல்லாத்துக்கும் ஒன்பது போட்டுருங்க."

மாமியார் பென்சிலை எடுக்கவில்லை. "ஒன்பது போட்டா என்ன ஆகும்?"

"பார்க்க முடியலைன்னு அர்த்தம். கணக்குலேர்ந்து எடுத்துருவாங்க."

"ஆளையே எடுத்துருவாங்களா?"

"ஆளை இல்ல, அத்தை. படிவத்தை."

"நான் எழுதலை."

மருமகளுக்குக் காலையிலிருந்து தலைவலி. அன்றைக்குச் சாயங்காலம் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கணக்குக் காட்டவேண்டும். "அத்தை, இது நம்ம இஷ்டம் இல்ல. விதிமுறை."

"எக்ஸ்சேஞ்சுல மணி அடிச்சு யாரும் எடுக்கலைன்னா, அந்த வீடே இல்லைன்னு எழுதமாட்டோம்மா. லைன்மேனை அனுப்புவோம்."

"இங்க அனுப்ப எந்த லைன்மேன் இருக்கான்? நான்தான் மூணு தடவை போயிட்டேனே." அவள் குரல் உயர்ந்தது. உயர்ந்த குரல் அத்தோடு நிற்கவில்லை. "பதினோரு வருஷமா ஒரே வீட்டில இருக்கோம். உங்க வாயை நீங்க எனக்கு ஒரு நாள் காட்டினதுண்டா? முன்னப்பின்ன தெரியாத அவங்க மட்டும் எப்படிக் காட்டுவாங்க?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது.  மாமியார் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார், பென்சில்களை ஒவ்வொன்றாக உறையில் செருகினார். வாசல்காரி அவர்கள் இருவருக்கும் கதவைத் திறந்துவிட்டாள். பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இரண்டு நாள் வீடு வீடாக இல்லை. சாப்பாடு வேளைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. "என்ன நடந்துச்சு?" என்று கணவன் அடுக்களையில் கிசுகிசுத்தான். "நீ வேண்டாம்னு சொன்னதைப் பேசிட்டேன்" என்றாள். அவன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தான். மன்னிப்புக் கேட்கப் போய் மாமியார் அறை வாசலில் இரண்டு தடவை நின்றாள். இரண்டு தடவையும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்.

"அத்தை, நான் அன்னைக்கு..."

"பஸ் வந்துரும்" என்றார் அவர்.

இல்லத்தில் வாசல்காரி வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். இடது கன்னம் சிவந்திருந்தது. மாமியார் கூடத்துக்குள் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் போட்டார். கதவை விடமாட்டாளே என்று மருமகள் நினைத்தாள். ஆனால் யாரும் கூப்பிடாததாலோ என்னவோ, கொஞ்ச நேரம் கழித்து வாசல்காரி தானாகவே வந்து உட்கார்ந்தாள், ஒரு கையைக் கதவின் கைப்பிடியில் வைத்துக்கொண்டு.

மாமியார் கைக்குட்டையை மடியில் விரித்தார். ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டார். பிறகு விரலை உள்ளே விட்டு மேல்வரிசையைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். அடுத்து கீழ்வரிசை. முகம் சட்டென்று சுருங்கியது. கன்னம் உள்ளே போனது, மூக்கும் மோவாயும் கிட்டத்தில் வந்தன. பத்து வயது கூடிவிட்டதுபோல, அதே நேரம் சின்னக் குழந்தை போலவும் இருந்தது. கூடத்தில் ஆயா நின்றிருந்தார், பொறுப்பாளர் அம்மா நின்றிருந்தார், மருமகள் நின்றிருந்தாள். மாமியார் யாரையும் பார்க்கவில்லை. வாசல்காரியைப் பார்த்து வாயை ஆவென்று திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை.

வாசல்காரி முதலில் மடியில் இருந்த பல்லைப் பார்த்தாள், அப்புறம் வாயைப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். ஒரு விரலால் மாமியாரின் ஈறைத் தொட்டாள். மாமியார் அசையவில்லை. அடுத்த விநாடி வாசல்காரி சிரித்தாள். இல்லத்தில் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்றோ, ஆயா வாயில் கையை வைத்துக்கொண்டார். சிரித்து முடித்துவிட்டு, தன் வாயை அகலத் திறந்து, விரலை உள்ளே விட்டு இடப்பக்கம் காட்டினாள்.

மருமகள் கண்ணாடியை எடுக்கவில்லை, கம்பியையும் எடுக்கவில்லை. தரையில் மண்டியிட்டு, நெற்றி விளக்கை மட்டும் கையில் பிடித்து வெளிச்சம் காட்டினாள். கீழ்த்தாடையில் இடது பக்கம், முதல் கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் உடைந்திருந்தது. பக்கத்து ஈறு புடைத்து, ஓரத்தில் சீழ் கசிந்துகொண்டிருந்தது. ஆரோக்கியமான ஆளே ஒரு ராத்திரி தாங்கமாட்டார். இவள் எத்தனை மாதமாகத் தாங்குகிறாளோ.

"முப்பத்தாறு" என்று பல் டாக்டர்கள் கணக்கில் அந்தப் பல்லுக்குள்ள எண்ணைச் சொன்னாள்.  "ஒண்ணு."

"முப்பத்தாறு. ஒண்ணு" என்று மாமியார் திருப்பிச் சொன்னார். பல்லில்லாத வாயில் வார்த்தை குழைந்தது, கை குழையவில்லை. எப்போது பென்சிலை எடுத்தார் என்று மருமகளுக்குத் தெரியவில்லை. படிவம் முழுக்க நிரம்பும் வரை வாசல்காரி வாயை மூடவில்லை.

பொறுப்பாளர் அம்மா படியில் போய் உட்கார்ந்துவிட்டார். "முரட்டுத்தனம்னு எழுதி வச்சிருக்கேன். ரெண்டு வருஷமா, மாசா மாசம், என் கையால" என்றார். மருமகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலையே, அம்மா. எனக்கே மூணு தடவை ஆச்சு" என்றாள்.

மயக்கம் கொடுத்துச் சிகிச்சை செய்யப் பல் மருத்துவமனையில் வரிசை நீளம். சீழ் கட்டியிருப்பதால் காத்திருக்க முடியாது என்று மருமகள் படியேறிப் படியேறிக் கேட்டு, ஒன்பதாம் நாள் இடம் வாங்கினாள். மருந்துச் சீட்டும் கையுமாக அந்த ஒன்பது நாளும் இல்லத்துக்குப் போய்வந்தாள். அறுவை அறைக்குள் போகிறவரை வாசல்காரி மாமியாரின் சுண்டுவிரலை விடவில்லை. மூன்று பல்லை எடுத்தார்கள், இரண்டை அடைத்தார்கள். மூன்றாவது வாரம் பொறுப்பாளர் அம்மா போன் பண்ணினார். கன்னத்தில் அறைவது நின்றுவிட்டது, பொதுச் சாப்பாட்டறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், மாத்திரையைக் கூட்டவேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டோம். "தட்டு மட்டும் எப்பவாவது பறக்குது" என்றார். "அது பறக்கட்டும்" என்றாள் மருமகள்.

வழிகாட்டிப் பேராசிரியர் கெட்டிக்காரர், கறாரானவர். ஐம்பத்தைந்து பேர் கணக்குக்குத் தாராளமாகப் போதும், மீதியை விட்டுவிட்டு எழுத உட்கார் என்றார். நாள் குறைவு என்பதும் உண்மைதான்.

"மேடம், அந்த ஏழு பேரும் மத்த ஐம்பத்தைந்து பேர் மாதிரிதான் இருப்பாங்கன்னு நினைச்சுத்தானே விடறோம்?" என்றாள் அவள். "அப்படி இல்லைன்னா? வலிக்கறதாலயே வாயைத் திறக்காதவங்களை நாமளே பொறுக்கியெடுத்து வெளிய தள்ளினதா ஆயிடாதா?"

பேராசிரியர் பேனாவை மூடிவைத்தார். "ஒருத்தியை வச்சுச் சொல்றே."

"ஆமா மேடம். அதான் மத்த ஆறு பேரையும் பார்க்கணும்."

"ரெண்டு மாசம் தரேன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

இரண்டு மாதமும் மாமியாரும் மருமகளும் வாரத்தில் மூன்று நாள் போனார்கள். ஒருவர் தோட்டத்தில் குழாயடியில் நிற்கும்போது மட்டும் வாயைத் திறந்தார். படிவத்தை நனையாமல் காப்பாற்றுவதே பெரும்பாடு. ஒருவர் தன் அக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு காட்டினார். இன்னும் இரண்டு பேரை, தினமும் பல் துலக்கிவிடுகிற ஆயா தன் கையால் வாயைத் திறக்கவைத்தார். கடைசிவரை இரண்டு பேர் திறக்கவே இல்லை. ஆக, ஏழில் ஐந்து. அந்த ஐந்தில் நாலு பேருக்குச் சீழ் கட்டிய பல் இருந்தது. முன்பு பார்த்த ஐம்பத்தைந்து பேரிலும் சேர்த்தே ஒன்பது பேருக்குத்தான் அப்படி. பேராசிரியர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதை முன்னால கொண்டுபோய்ப் போடு" என்றார்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மருமகள் சாப்பாட்டு மேசையில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு வெற்றுப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கும் ஒண்ணு போடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ ஒரு இடத்தில குத்துது. நாலு வருஷமா."

ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியைத் திருப்பினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மாமியார் பல்லைக் கழற்றி அவளிடமே கொடுத்தார். அதைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, மோவாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பார்த்தாள். பதினோரு வருடத்தில் அந்த முகத்தை அவள் தொட்டது அதுவே முதல் தடவை. கீழ் ஈறு தேய்ந்து வரப்பு மாதிரி ஆகியிருந்தது. பல் செட்டின் ஓரம் உரசி உரசி ஒரு இடத்தில் புண். விரலால் மெதுவாகத் தடவினாள். மிருதுவாகத்தான் இருந்தது, புற்றுநோய்க்குரிய கெட்டிப்பு இல்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டி எதுவும் இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"பயப்படற மாதிரி எதுவும் தெரியலை, அத்தை. உரசல்தான். ரெண்டு வாரம் கீழ்ப்பல்லைப் போடாதீங்க. ஆறலைன்னா ஒரு சின்னச் சோதனை பண்ணிடலாம். அப்புறம் புதுசா ஒண்ணு செஞ்சுக்கலாம், சத்தம் வராம."

"சத்தம் வருதா?"

"லேசா."

"இத்தனை வருஷமா கேட்டுட்டா இருந்தே?"

"ம்."

மாமியார் கிண்ணத்தில் கிடந்த பல்லைப் பார்த்தார். பிறகு, குழைந்த வார்த்தைகளில் சொன்னார். நாற்பத்தெட்டு வயதில் சொத்தைப் பல்லால் ஈறு வீங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். ஒரே காலையில் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை, ஏன் எடுக்கிறோம் என்றும் சொல்லவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தார். "உங்க மாமா பார்த்தார். நல்ல மனுஷன்தான், ஒரு வார்த்தை சொல்லலை. திரும்பிப் படுத்துக்கிட்டார். அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே யாரும் பார்க்க வேண்டாம்னு."

மருமகள் அவர் கன்னத்தில் கையை வைத்தாள். "அன்னைக்கு இல்லத்தில நான் பேசினது..."

"நீ பேசலைன்னா நான் கழட்டியிருக்கமாட்டேன்" என்றார் மாமியார். "ஆனா இன்னொரு தடவை அப்படிப் பேசாதே."

"இல்ல, அத்தை."

"சரி, எழுது. நான் சொல்லட்டுமா? எல்லாம் நாலு, நாலு, நாலு." இந்தத் தடவை சிரிப்பை மறைக்கக் கையைத் தூக்கவில்லை. கணவன் உள்ளே வந்தவன் அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றான். "என்னடா பார்க்கறே? போய்க் காப்பி போடு, ரெண்டு பேருக்கும்" என்றார் அவர்.

புண் பத்தாம் நாள் ஆறிவிட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வியில்தான் வெகுநேரம் நின்றார். மறுபடியும் இதைச் செய்யச் சொன்னால் எதை மாற்றுவாய்? "வாய் திறக்காத ஏழு பேர்கிட்டதான் முதல்ல போவேன், சார்" என்றாள். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் தெரிய அவள் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பாஸ். சித்தப்பா போன் செய்து, "இப்பவாவது பிடுங்குவியா?" என்று கேட்டார்.

ஆய்வேட்டின் கடைசியில் அவள் எழுதியிருந்த பரிந்துரையைப் பேராசிரியர் தானே எடுத்துக்கொண்டு மருத்துவமனை நிர்வாகத்திடம் போனார். இழுத்தடித்தார்கள், ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, இப்படிப்பட்ட இல்லங்களுக்கு மட்டும். அவசரம் கிடையாது, ஒருவருக்கு அரை மணி நேரம், கூட வருகிறவரும் உள்ளேயே இருக்கலாம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள்.

முதல் வியாழக்கிழமை வேன் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது. வாசல்காரி முதலில் இறங்கி மருத்துவமனைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். புதிய பல் செட்டுடன் மாமியார் மேசை முன் உட்கார்ந்து வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஆள் வருகிறவரை என்று சொல்லியிருந்தார்கள், ஆளை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

ஐந்தாவதாக உள்ளே வந்தவர், கடைசிவரை வாயைத் திறக்காத அந்த இரண்டு பேரில் ஒருவர். ஐம்பது வயது, உயரமானவர், எப்போதும் தொப்பி. கண்ணாடியைப் பார்த்தாலே எழுந்து ஓடுகிறவர். மருமகள் கண்ணாடியை இழுப்பறையில் வைத்து மூடினாள், விளக்கை அணைத்தாள், தன் முக்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவர் அறையைச் சுற்றி வந்தார். குழாயைத் திறந்து மூடினார். நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு அதில் உட்கார்ந்து, தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் கூரையைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. எழுந்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார், போய்விட்டார்.

படிவத்தில் அதற்கென்று எந்த எண்ணும் கிடையாது. மருமகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் எழுதினாள்: 'நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம்.' எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.